இரண்டு ரயிலுக்கு நடுவே ஒரு கோர்தோபா

ஸ்பெயினில் மாட்ரிட்டிலிருந்து தெற்கே செவில்லாவுக்கோ கிரனாடாவுக்கோ ரயிலில் போகிறவர்கள் பலர் கோர்தோபாவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். வண்டி இரண்டு மூன்று நிமிடம் நிற்கும், கொஞ்சம் பேர் இறங்குவார்கள், கதவு மூடிவிடும். அப்படி இறங்குகிறவர்களோடு நீங்களும் இறங்கி, ஐந்தாறு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, அன்றைக்கே வேறு ரயிலில் ஏறிப் போய்விடலாம். ராத்திரி தங்க வேண்டாம், ஓட்டல் வாடகை கிடையாது, போகிற வழியில் இருக்கிற ஊர் என்பதால் சுற்றுப்பாதையும் இல்லை.

நான் இதை இரண்டு தடவை செய்திருக்கிறேன். முதல் தடவை சொதப்பல். காலையில் வந்த வண்டி 50 நிமிடம் தாமதம், நான் போட்டிருந்த இடைவெளியே மூன்று மணி நேரம்தான், பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியதில், மசூதியாக இருந்து தேவாலயமாகிவிட்ட மெஸ்கீத்தாவின் வெளிச்சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். இரண்டாவது தடவை நிதானமாகத் திட்டம் போட்டேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஸ்பெயினுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு என்பதால் சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

இறங்கப் போகிற ஊர் அழகான ஊரா என்று பார்ப்பதற்கு முன்னால் ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெயினில் அதிவேக ரயில்பாதை போட்டபோது பல ஊர்களுக்கு வெளியே, வயல் நடுவில் ஸ்டேஷன் கட்டினார்கள். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. செகோவியாவின் அதிவேக ஸ்டேஷனில் இறங்கினால் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தைப் பார்க்க அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்குள் போக வேண்டும். குவென்காவும் அப்படித்தான். தார்ரகோனா கடற்கரை ஊர், ஆனால் ‘கம்ப் தெ தார்ரகோனா’ என்று டிக்கெட்டில் வருகிற ஸ்டேஷன் ஊரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. டொலேடோவில் வேறு சிக்கல்: ஊர் அருமை, மாட்ரிட்டிலிருந்து அரை மணி நேரம்தான், ஆனால் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. தெற்கே போக மறுபடி மாட்ரிட்டுக்கே வர வேண்டும். அது ஒரு நாள் பயணத்துக்கு ஏற்ற ஊர், வழியில் இறங்கிப் பார்க்கிற ஊர் இல்லை.

வழியில் இறங்குவதற்கென்றே அமைந்த மாதிரி இருப்பவை என் கணக்கில் மூன்று. மாட்ரிட்–பார்சிலோனா பாதையில் சரகோசா. அங்கே ஸ்டேஷனிலிருந்து பிலார் தேவாலயம் சுமார் மூன்று கிலோமீட்டர், நகரப் பஸ்ஸில் போய்விடலாம். உள்ளே நுழைய காசு இல்லை. 1936இல், உள்நாட்டுப் போர் சமயத்தில் கூரையில் விழுந்து வெடிக்காமல் போன இரண்டு குண்டுகளைச் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். மேலே நிமிர்ந்தால் கோயா வரைந்த கூரை ஓவியம். பார்சிலோனாவிலிருந்து பிரான்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஜிரோனா, ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்குக் கால் மணி நேர நடை. மூன்றாவது கோர்தோபா. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் இனி இதைப் பற்றியே சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் முறை ஒன்றுதான்.

மாட்ரிட் ஆதோச்சா ஸ்டேஷனிலிருந்து கோர்தோபா சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து செவில்லா முக்கால் மணி, மாலகா ஒரு மணி, கிரனாடா ஒன்றரை மணி. மாட்ரிட்–செவில்லா பாதைதான் ஸ்பெயினின் முதல் அதிவேகப் பாதை, 1992இல் செவில்லா உலகக் கண்காட்சிக்காகத் திறந்தது. மாலகா, கிரனாடா வண்டிகளும் இந்தப் பாதையில் கோர்தோபா வரை வந்துதான் பிரிகின்றன. அதனால் நாள் முழுக்க வண்டி உண்டு. ஆனால் எல்லா வண்டியும் கோர்தோபாவில் நிற்காது, பார்த்து எடுங்கள். கிரனாடாவுக்கு மட்டும் வண்டிகள் குறைவு. அங்கே போகிறவர்கள் முதலில் கோர்தோபா–கிரனாடா வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் மாட்ரிட் வண்டியைத் தேட வேண்டும்.

டிக்கெட் எடுப்பது

இங்கேதான் நம்மூர்ப் பழக்கம் காலை வாரிவிடும். நம் ரயில்வேயில் 500 கிலோமீட்டருக்கு மேல் தூரமுள்ள டிக்கெட் இருந்தால் வழியில் இறங்கி ‘பிரேக் ஜர்னி’ எடுக்கலாம். அதே நினைப்பில் மாட்ரிட்–செவில்லா டிக்கெட் வாங்கி, கோர்தோபாவில் இறங்கி, சாயங்கால வண்டியில் ஏறப் பார்த்தால் நடக்காது. ஸ்பெயின் அதிவேக ரயிலில் டிக்கெட் என்பது அந்த ஒரு வண்டிக்கு, அந்தப் பெட்டியில் அந்த இருக்கைக்கு மட்டும்தான். இறங்கிவிட்டால் மிச்சத் தூரம் போச்சு. ஆகவே இரண்டு தனி டிக்கெட்: மாட்ரிட்–கோர்தோபா ஒன்று, கோர்தோபா–செவில்லா ஒன்று.

ரென்ஃபே அரசு நிறுவனம், அதன் பெரிய வண்டிக்கு ஆவே என்று பெயர், மலிவு வண்டிக்கு அவ்லோ. இது போக இர்யோ, உய்கோ என்று வேறு இரண்டு நிறுவனங்களும் இந்தப் பாதையில் ஓட்டுகின்றன. விலை விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் ஏறும், அதனால் முன்கூட்டியே எடுத்தால் நல்லது. முதல் டிக்கெட்டை மலிவாக, மாற்ற முடியாத வகையில் எடுத்தாலும் பரவாயில்லை. இரண்டாவதை மட்டும் நேரம் மாற்ற அனுமதிக்கிற வகையில் எடுங்கள், சில யூரோ கூடுதலானாலும் சரி. முதல் வண்டி தாமதமானால் தனித்தனியாக வாங்கிய இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நிறுவனமே வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இணையத்தில் வாங்கும்போது வெளிநாட்டு அட்டை ஒரு தடவையில் ஏறாமல் போகலாம். எனக்கு ஒரு தளத்தில் நாலு முறை நிராகரித்தது, பிறகு அதே நிறுவனத்தின் செயலியில் போட்டேன், உடனே ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, அங்கே இரண்டு குடும்பப் பெயர் கேட்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். அப்பா பெயரை முதல் கட்டத்தில் போட்டுவிட்டு, இரண்டாவது கட்டாயம் இல்லையென்றால் காலியாக விடுங்கள். ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போக யூரெயில் பாஸ் வைத்திருப்பவர்களும் அதிவேக வண்டிக்கு இருக்கை முன்பதிவு தனியாகச் செய்தே ஆக வேண்டும், பாஸைக் காட்டி நேரே ஏறிவிட முடியாது.

குறைந்த கட்டண வண்டிகளில் பெரிய பெட்டிக்குத் தனியாகக் காசு. டிக்கெட் விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நாலு யூரோ மிச்சம் பிடித்துப் பெட்டிக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். (நான்தான்.)

கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவது

எல்லோரும் செய்கிற தப்பு, முதல் வண்டி வந்து சேரும் நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணுவது. இரண்டாவது வண்டி கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வண்டி 16:00 மணிக்கு என்று வையுங்கள். அங்கே எல்லாமே 24 மணிக் கணக்குதான், 16 என்றால் மாலை 4. பிளாட்பாரத்துக்குள் விடுவதை இரண்டு நிமிடம் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள், அதற்கு முன் பைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் போட வேண்டும், அதற்கு ஒரு வரிசை இருக்கும். ஆக 15:30க்கு ஸ்டேஷனில் இருந்தாக வேண்டும். பெட்டியை எடுக்கக் கால் மணி, 15:15. பழைய ஊரிலிருந்து நடந்து வர அரை மணி, 14:45. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், 13:45. அப்படியானால் சுற்றிப் பார்க்கிற வேலை ஒண்ணே முக்காலுக்கு முடிந்துவிட வேண்டும். காலை 9:45க்கு வந்து இறங்கினால், பெட்டியை வைத்து, நடந்து, பழைய ஊருக்குள் நுழையும்போது 10:45 ஆகிவிடும். கையில் இருப்பது மூன்று மணி நேரம். டிக்கெட்டில் ஆறே கால் மணி நேர இடைவெளி, உண்மையில் பார்ப்பதற்கு மூன்று!

அதனால் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வைக்காதீர்கள். நாலு மணி நேரத்தில் மெஸ்கீத்தாவை மட்டும் பார்த்துவிட்டு, ரொட்டியை நடந்துகொண்டே கடித்துக்கொண்டு திரும்பலாம், அதுவும் வண்டி தாமதமாகாமல் இருந்தால். ஏழு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு தொல்லை, பிற்பகலில் கடைகளையும் சில இடங்களையும் மூடிவிட்டுப் போய்விடுவார்கள், வெயிலில் பெஞ்சு தேடி அலைய வேண்டியதுதான்.

எந்த நாள், எந்த மாதம்

திங்கட்கிழமை வேண்டாம். மெஸ்கீத்தா திறந்திருக்கும், ஆனால் யூதத் தொழுகைக்கூடம், அரசர் கோட்டையான அல்காசர் எல்லாம் மூடியிருக்கும். ஞாயிறு காலையில் மெஸ்கீத்தாவில் பூசை நடக்கும், பார்வையாளர்களை 11:30 வாக்கில் நிறுத்திவிட்டுப் பிற்பகல் 3 மணிக்குத்தான் மறுபடி விடுவார்கள். நடுவில் இறங்குகிறவருக்கு அது சரியாக அந்த மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். செவ்வாய் முதல் சனி வரை பாதுகாப்பு.

ஜூலை, ஆகஸ்ட் பற்றி: வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நானும் நினைத்தேன். ஐரோப்பாவிலேயே கடுமையான கோடை இருக்கிற ஊர்களில் கோர்தோபா ஒன்று, 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. 2021 ஆகஸ்டில் 46.9 வரை போயிருக்கிறது. நம்மூர் வெயிலில் வேர்க்கும், அங்கே வேர்ப்பதே தெரியாது, உதடு வெடித்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவில்லை என்பது உறைக்கும். கோடையில் போனால் முடிந்தவரை விடியற்கால வண்டியைப் பிடியுங்கள். மே முதல் பாதியில் வீட்டு முற்றங்களைப் பூத்தொட்டிகளால் அலங்கரித்து ஊரே திறந்துவிடுகிற முற்றத் திருவிழா நடக்கும். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா அது. அழகுதான், ஆனால் மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைவது புத்திசாலித்தனம் இல்லை. மார்ச், ஏப்ரல் தொடக்கம், அக்டோபர், நவம்பர் – இவைதான் என் பரிந்துரை.

பெட்டியை வைப்பது

பெட்டியோடு ஊருக்குள் போக முடியாதா என்று கேட்காதீர்கள். பழைய ஊர்த் தெருக்கள் கூழாங்கல் பதித்தவை, சக்கரப் பெட்டி தடதடவென்று குதிக்கும், தெருவே திரும்பிப் பார்க்கும். மெஸ்கீத்தாவுக்குள்ளும் பெரிய பைகளை விடமாட்டார்கள். நம்மூர் க்ளோக் ரூமுக்கு அங்கே ‘கொன்சிக்னா’ என்று பெயர், அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தை அடுத்து, சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம் இருக்கிறது, அங்கே லாக்கர் உண்டு. ரயில் நிலையத்திலேயே இருக்கிறதா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதைக் கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்துவிடுங்கள், இந்த மாதிரி விஷயங்கள் அடிக்கடி மாறும். பழைய ஊரிலும் மணிக்கணக்கில் பெட்டி வாங்கி வைக்கும் கடைகள் இருக்கின்றன, ஆனால் அதுவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் எனக்கு ஒப்பவில்லை.

லாக்கரில் பெட்டியை வைத்துக் காசு போட்டதும் ஒரு துண்டுச் சீட்டு வரும், அதில் இருக்கிற எண்தான் சாவி. அதை உடனே போனில் படம் எடுத்துவிடுங்கள். வேறொரு ஊரில், ஒரு ஜூன் மாதத்தில், சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து பார்த்தால் வேர்வையில் நனைந்து எண் பாதி அழிந்திருந்தது. ஆறா எட்டா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு நான் நின்றதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. சில்லறை யூரோ நாணயங்கள் கொஞ்சம் வைத்துக்கொள்வதும் நல்லது.

நடந்து போவது

ஊர் இருப்பது பஸ் நிலையத்துக்கு எதிர்த்திசையில். ரயில் நிலையத்தின் தெற்கு வாசலில் வெளியே வந்தால் அகலமான அமெரிக்கா அவெனியூ, அதைக் கடந்து பூங்கா வழியாகவே நேரே தெற்கே நடக்கலாம். 20, 25 நிமிடம், ஏற்றம் இறக்கம் இல்லை, பாதி தூரம் மர நிழல். வழியில் விக்டோரியா நடைபாதை ஓரத்தில் வட்டமான ஒரு ரோமானியக் கல்லறை திறந்த வெளியில் இருக்கும், நின்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அங்கேயே ஒரு பழைய இரும்புக் கூடாரத்துக்குள் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, திரும்பி வரும்போது பயன்படும். நடக்க முடியாதவர்கள், சின்னக் குழந்தையோடு வருகிறவர்கள் ஸ்டேஷன் பக்கத்தில் 3ஆம் எண் பஸ்ஸைப் பிடிக்கலாம், அல்லது டாக்ஸி. தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் என்பதால் பெரிய செலவாகாது.

நடைபாதை முடிகிற பக்கம் இடது கைப்புறம் கோட்டை மதில் தெரியும். அதில் அல்மோதோவர் வாசல் என்று ஒரு வளைவு, பக்கத்தில் செனெக்காவின் சிலை. ரோமானியத் தத்துவவாதி செனெக்கா பிறந்தது இந்த ஊரில்தான். அந்த வளைவுக்குள் நுழைந்ததும் யூதர் தெரு. வெயிலுக்காகவே நெருக்கிக் கட்டிய சந்துகள், இரண்டு கையையும் விரித்தால் சுவர் தட்டும் இடங்களும் உண்டு. போகும்போது இங்கே நிற்காதீர்கள், ஒரு காரணம் இருக்கிறது: மெஸ்கீத்தாவில் பதினொன்றரைக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் குழுக் குழுவாக வந்து இறங்கும். நேரே அங்கே போய்விட்டு, திரும்பி வரும் வழியில் சந்துகளைப் பார்க்கலாம்.

மெஸ்கீத்தா: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

முதலில் ஆரஞ்சு முற்றம். இதற்கு டிக்கெட் தேவையில்லை. மரத்தில் ஆரஞ்சு தொங்கும், ஆசைப்பட்டுப் பறித்துவிடாதீர்கள், ஸ்பெயின் தெருக்களில் நிற்கிற ஆரஞ்சு மரங்கள் கசப்பு வகை. உள்ளே போக டிக்கெட் உண்டு, இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் வரிசை மிச்சம். திங்கள் முதல் சனி வரை காலை 8:30 முதல் 9:30 வரை இலவசமாக விடுகிறார்கள், குழுக்களுக்கு அனுமதி இல்லாத நேரம் அது, அமைதியாக இருக்கும். ஆனால் அதற்கு மாட்ரிட்டில் முதல் வண்டியைப் பிடித்து, இறங்கியதும் டாக்ஸியில் போக வேண்டும். காசை மிச்சப்படுத்தத்தான் என்றால் விடுங்கள், கூட்டமில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் அந்தச் சிரமம் தகும். ஆண்கள் உள்ளே தொப்பியைக் கழற்ற வேண்டும், இப்போது அது தேவாலயம் என்பதால்.

வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டும். ஓரமாக ஒரு நிமிடம் நில்லுங்கள். மெல்ல மெல்லத் தூண்கள் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் அதன் பின்னால் தூண், அதன் பின்னால் தூண். மொத்தம் 850க்கும் மேல். ஒவ்வொரு தூணுக்கு மேலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவு, அதற்கு மேல் இன்னொரு வளைவு. இந்த இரட்டை வளைவு அலங்காரத்துக்காக வந்ததில்லை. 785 வாக்கில், அப்போது இங்கே ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரகுமான் இதை மசூதியாகக் கட்டத் தொடங்கியபோது, அதற்கு முன் ஆண்டவர்களின் ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த பழைய தூண்களையே பயன்படுத்தினார்கள். அவை குட்டை. அவ்வளவு பெரிய கூடத்துக்குக் கூரை தலையில் இடிக்கிற மாதிரி இருக்கும். அதனால் வளைவுக்கு மேல் வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினார்கள். பக்கத்தில் போய்த் தூண்களைப் பாருங்கள், ஒன்று வழுவழு, ஒன்றில் வரிவரியாகச் செதுக்கல், ஒன்று கருநீலம், ஒன்று இளஞ்சிவப்பு. நெட்டைத் தூணைத் தரையில் புதைத்தும், குட்டைத் தூணுக்கு அடியில் பீடம் வைத்தும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். தலைப்பகுதிகளும் பல விதம்.

இன்னொரு விளையாட்டு: சிவப்புப் பட்டைகளை உற்றுப் பாருங்கள். பழைய பகுதியில் சிவப்பு என்பது செங்கல், வெள்ளை என்பது கல், மாற்றி மாற்றி அடுக்கியது. கிழக்குப் பக்கம், பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் கலீபாவின் முதன்மை அமைச்சர் அல்மன்சூர் அவசரமாகப் பெரிதாக்கிய பகுதிக்கு வந்தால் முழுக்கக் கல், மேலே சிவப்புச் சாயம் பூசிச் செங்கல் மாதிரி காட்டியிருக்கிறார்கள். அரசியல்வாதி கட்டுகிற கட்டடம் எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

தெற்குச் சுவருக்குப் போனால் மிஹ்ராப், தொழுகைத் திசையைக் காட்டும் மாடம். கலீபா இரண்டாம் அல்ஹக்கமின் காலத்தில், 960களில் செய்தது. தங்க நிறக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன எழுத்துகளும் கொடிகளும், பைசாந்தியத்திலிருந்து ஆள் வரவழைத்துச் செய்த வேலை என்பார்கள். கம்பிக்கு இந்தப்பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். கூட்டம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஐந்து நிமிடம் பொறுத்தால் ஒரு குழு நகரும், அப்போது முன்னால் போங்கள், தலையை நிமிர்த்தி மேலே உள்ள குவிமாடத்தையும் பாருங்கள்.

பிறகு நடுவில் திடீரென்று வெள்ளை வெளிச்சம். தூண் காட்டுக்கு மத்தியில் ஒரு முழுத் தேவாலயம் முளைத்து நிற்கிறது. 1236இல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் பெர்னாந்தோ ஊரைப் பிடித்ததும் மசூதி தேவாலயமானது, ஆனால் சுமார் முந்நூறு ஆண்டுகள் பெரிதாக எதையும் இடிக்கவில்லை. 1523இல்தான் நடுப்பகுதியை உடைத்து உயரமான இந்தக் கூடத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அப்போதே நகர சபை எதிர்த்தது. இது நல்லதா கெட்டதா என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது, அப்புறம் அந்த வளைவுகளுக்கும் இந்தக் கூரைக்கும் நடுவே, இரண்டும் கண்ணில் படுகிற ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன், இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. மொத்தம் ஒன்றரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். மணிக்கூண்டு ஏறத் தனி டிக்கெட், தனி நேரம், நடுவில் இறங்குகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

மிச்ச நேரம்

வெளியே வந்து ஆற்றுப் பக்கம் இரண்டு நிமிடம் நடந்தால் ரோமானியப் பாலம், கீழே குவாடல்கிவிர். வாகனம் கிடையாது. நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள், மெஸ்கீத்தாவும் மணிக்கூண்டும் சேர்ந்து தெரிகிற காட்சி அங்கிருந்துதான். பாலம் பல தடவை புதுப்பித்தது, ரோமானியக் கல் கொஞ்சம்தான் மிச்சம். கோடையில் நண்பகலில் இதைத் தவிர்த்துவிடுங்கள், பாலத்தில் நிழலே இல்லை.

திரும்பும்போது சந்துகள் வழியாக வாருங்கள். திபெரியாதெஸ் என்ற சின்னச் சதுக்கத்தில் மைமோனிடிஸ் சிலையாக உட்கார்ந்திருக்கிறார், 12ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்த யூத அறிஞர், மருத்துவர். வருகிறவர்கள் எல்லாம் காலைத் தொட்டுத் தொட்டுச் செருப்பு மட்டும் பளபளவென்று மின்னும், மற்றதெல்லாம் கருத்த வெண்கலம். அங்கிருந்து சில அடி மேலே 1315இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம். ஒரே ஒரு அறை, பத்து நிமிடம் போதும், கட்டணம் என்று பெயருக்குச் சில சென்ட் வாங்குவார்கள்.

அல்காசரைச் சேர்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். தோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும், செவில்லாவுக்கோ கிரனாடாவுக்கோ போகிறவர் அதைவிடப் பெரிய கோட்டைகளைப் பார்க்கத்தான் போகிறார். ஊருக்கு வெளியே எட்டுக் கிலோமீட்டரில் இருக்கிற மெதினா அசஹாரா இடிபாடுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு ராத்திரி தங்க வேண்டும்.

சாப்பாடு

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், நாலு மணிக்கு அடுப்பை அணைத்தால் ராத்திரி எட்டு வரை பல இடங்களில் சமையல் கிடையாது. ஒன்றரைக்குப் போய் உட்கார்ந்தால் இடம் கிடைக்கும். ‘மெனூ தெல் தியா’ என்று பலகையில் எழுதியிருந்தால் அது மதியச் சாப்பாடு, இரண்டு வகை உணவு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்பு, எல்லாம் ஒரே விலைக்குள்.

கோர்தோபாவின் சொந்தச் சாப்பாடு சல்மொரேஹோ. தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கூழ் மாதிரி அரைத்துக் குளிர வைத்தது. வெயிலில் நடந்துவிட்டு வந்து ஒரு கரண்டி வாயில் வைத்தால் நம்ம ஊர்க் கம்பங்கூழ் ஞாபகம் வரும், ருசி வேறு, ஆறுதல் அதேதான். மேலே அவித்த முட்டையும் பன்றித் தொடைக்கறித் துண்டும் தூவித் தருவார்கள். சைவர்கள் ‘சின் ஹமோன், சின் உவேவோ’ என்று சொல்ல வேண்டும், தொடைக்கறி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று அர்த்தம். ‘சின் கார்னே’, அதாவது கறி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தத் தொடைக்கறியைக் கறிக் கணக்கில் சேர்க்காத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், சூரை மீனையும் அப்படித்தான். அப்புறம் ‘பெரென்ஹேனாஸ் கோன் மியெல்’: கத்திரிக்காயை மெல்லிசாக அரிந்து மாவில் தோய்த்துப் பொரித்து, கரும்புப் பாகு ஊற்றியது. பஜ்ஜி மேல் வெல்லப்பாகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் மெஸ்கீத்தாவின் கிழக்குச் சுவருக்கு எதிரே சாந்தோஸ் என்ற சின்னக் கடையில் உருளைக்கிழங்குத் தோர்த்தியா வாங்கலாம். கேக் உயரத்துக்கு இருக்கும், தட்டில் வாங்கி எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். நேரம் குறைந்துபோனால் இதுவே மதியச் சாப்பாடு.

திரும்ப ஸ்டேஷனில்

கிளம்பும் பலகையில் ‘சாலிதாஸ்’ என்பதன் கீழ்தான் உங்கள் வண்டி இருக்கும், ‘யெகாதாஸ்’ வந்து சேரும் வண்டிகள். ஊர் பெயரைத் தேடாதீர்கள், வண்டி எண்ணைத் தேடுங்கள், நீங்கள் செவில்லாவில் இறங்கினாலும் பலகையில் காடிஸ் என்று போட்டிருக்கலாம். பிளாட்பாரத்துக்கு ‘வியா’, பெட்டிக்கு ‘கோச்சே’, இருக்கைக்கு ‘பிளாசா’. வியா எண் கடைசிப் பதினைந்து இருபது நிமிடத்தில்தான் வரும், அதற்குள் பதற வேண்டாம். கோர்தோபா நடுவழி ஸ்டேஷன் என்பதால் வண்டி வந்து நின்றதும் புறப்பட்டுவிடும், உங்கள் கோச்சே எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்துத் திரையில் பார்த்து அங்கேயே போய் நில்லுங்கள்.

வண்டியைத் தவறவிட்டால்? மாற்றக்கூடிய டிக்கெட் என்றால் கிளம்பும் நேரத்துக்கு முன்பே செயலியில் அடுத்த வண்டிக்கு மாற்றிவிடுங்கள். சாப்பாட்டுக் கடையில் பில் வரத் தாமதமாகிறது என்று தெரிந்த அந்த நிமிடமே மாற்றுங்கள், ஓடிப் பிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். மாற்ற முடியாத டிக்கெட் என்றால் செவில்லா போகிறவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம், ஆவே தவிர, குறைந்த தூரத்துக்கு ஓடும் ‘அவான்ட்’ என்ற அதிவேக வண்டிகள் அந்தப் பாதையில் உண்டு, கவுண்டரில் கேட்டு வாங்கலாம். கிரனாடா போகிறவர்கள் அடுத்த ரயிலுக்கு மணிக்கணக்கில் உட்காராமல், லாக்கரில் பெட்டி வைத்த அதே பஸ் நிலையத்துக்குப் போய் அல்சா பஸ் இருக்கிறதா என்று பாருங்கள், ரயிலைவிட மெதுவாகப் போகும், வழி நெடுக ஆலிவ் தோப்பு.